50, 200, இரண்டு மடங்கு வால்யூம்: ஸ்க்ரீனர் சந்தேகங்களுக்குப் பதில்கள்

மூவிங் ஆவரேஜையும் (கடைசி 50 அல்லது 200 நாள் விலைகளின் நகரும் சராசரி) வால்யூமையும் (ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) வைத்து, ஸ்க்ரீனர் என்ற கருவியில் பங்குகளைச் சலித்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. பதில்களில் வரும் நிறுவனப் பெயர்கள் கணக்கைப் புரியவைக்க மட்டுமே. வாங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): சார், குளோஸிங் விலை 50 நாள் சராசரிக்கு மேல், 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்கு மேல், வால்யூம் 5 லட்சம் பங்குகளுக்கு மேல் என்று மூன்று நிபந்தனை போட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகள் வந்து விழுகின்றன. பாதிப் பெயர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. எதை மாற்றுவது?

பதில்: முதலில் அந்த 5 லட்சத்தை எடுத்துவிடுங்கள். பங்கு எண்ணிக்கையை வைத்து வடிகட்டினால் விலை குறைந்த பங்குகளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, விலை கூடிய பங்குகளுக்குச் சாத்திவிடுகிறீர்கள். 10 ரூபாய்ப் பங்கில் 5 லட்சம் பங்குகள் கைமாறினால் அது வெறும் 50 லட்சம் ரூபாய் வியாபாரம். எம்.ஆர்.எஃப் 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட பங்கு. அந்த விலையில் 5,000 பங்குகள் கைமாறினாலே 50 கோடி ரூபாய். உங்கள் வடிகட்டி முதலாவதை உள்ளே விட்டு இரண்டாவதை வெளியே நிறுத்தும். கேள்விப்படாத பெயர்கள் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எண்ணிக்கைக்குப் பதில் ரூபாயில் கேளுங்கள்: கடந்த 20 நாள்களின் சராசரி டர்ன்ஓவர் (கைமாறிய பங்குகளின் மொத்த மதிப்பு) எவ்வளவு? எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொகை இதற்கு இல்லை. நீங்கள் ஒரு பங்கில் போடும் பணம் அதன் ஒரு நாள் டர்ன்ஓவரில் 1 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருந்தால் வெளியே வரும்போது திண்டாட மாட்டீர்கள். 2 லட்சம் போடுபவருக்கு 2 கோடி போதும். 10 லட்சம் போடுபவருக்கு 10 கோடி வேண்டும்.

அடுத்து, எந்தக் கூடையில் தேடுகிறீர்கள் என்பது. என்.எஸ்.இ-யில் (தேசியப் பங்குச் சந்தை) சாதாரணப் பங்குகளுக்கான இ.க்யூ. வரிசை என்று மட்டும் போட்டால் நிஃப்டி பீஸ், கோல்டு பீஸ் போன்ற இ.டி.எஃப்-களும் (பங்குபோல் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) சேர்ந்து வரும், அவையும் அதே வரிசைதான். பி.இ. வரிசையில் இருப்பவை ட்ரேட்-டு-ட்ரேட் பங்குகள். அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது. பழகும்வரை நிஃப்டி 500 பட்டியலுக்குள் மட்டும் தேடுங்கள். அதில் ஏ.எஸ்.எம்., ஜி.எஸ்.எம். கண்காணிப்புப் பட்டியலில் இருப்பவற்றைக் கழித்துவிடுங்கள். அந்தப் பட்டியல்களை எக்ஸ்சேஞ்ச் தளமே வெளியிடுகிறது.

மூன்றாவது, நீங்கள் கேட்கும் ‘50 நாள், 200 நாளுக்கு மேல்’ என்பது ஒரு நிலைமை. அது மாதக்கணக்கில் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் தினமும் அதே நூறு பெயர்கள். ‘இன்று என்ன நடந்தது’ என்பதற்கு ஒரு நிபந்தனை வேண்டும். இன்றைய வால்யூம், முந்தைய 20 நாள் சராசரியில் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது அப்படி ஒன்று. ஆனால் வால்யூமுக்குத் திசை தெரியாது. விற்றுத் தள்ளிய நாளிலும் அது இரண்டு மடங்கு ஆகும். எனவே நேற்றைய குளோஸிங்கைவிட இன்று கூடுதல் என்று கேட்டுவிட்டு, அன்றைய ஏற்ற இறக்கத்தில் விலை எங்கே முடிந்தது என்றும் பாருங்கள். அதற்கான கணக்கு: குளோஸிங்கிலிருந்து அன்றைய குறைந்த விலையைக் கழித்து, அன்றைய உயர்ந்த விலைக்கும் குறைந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். உயர்வு 512, தாழ்வு 488, முடிவு 505 என்றால் 17-ஐ 24-ஆல் வகுக்க 0.71. அதே பங்கு 493-ல் முடிந்திருந்தால் 0.21; வாங்கியவர்களைவிட மேலே வைத்து விற்றவர்கள் கை ஓங்கிய நாள் அது. 0.67-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. விலை 50 நாள் சராசரியிலிருந்து 20 சதவிகிதத்துக்கு மேல் விலகியிருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே வாங்கினால் ஸ்டாப்லாஸை (நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது.

கேள்வி (மதுரை): கோல்டன் கிராஸ் (50 நாள் சராசரி 200 நாள் சராசரியை மேலே தாண்டுவது) வந்த பிறகு வாங்கினால் பெரும்பாலும் லேட்டாகிவிடுகிறது. சில பங்குகளில் மட்டும் சரியான நேரத்தில் வருகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: கிராஸுக்கு முந்தைய 200 நாளில் பங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் இருக்கிறது விடை. பேப்பரில் இரண்டு பங்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் பங்கு 200 நாளாக 200 ரூபாயிலேயே அசையாமல் கிடக்கிறது. பிறகு தினமும் 1 ரூபாய் ஏறுகிறது. ஏறத் தொடங்கிய முதல் நாளே 50 நாள் சராசரி 200.02, 200 நாள் சராசரி 200.005. அன்றே கிராஸ் வந்துவிட்டது.

இரண்டாவது பங்கு 400 ரூபாயிலிருந்து தினமும் 1 ரூபாயாக 200 நாள் இறங்கி 200-ஐத் தொட்டு, அங்கிருந்து தினமும் 1 ரூபாயாக ஏறுகிறது. இங்கே 77-ம் நாளில் 50 நாள் சராசரி 252.50, 200 நாள் சராசரி 252.53. இன்னும் தாண்டவில்லை. 78-ம் நாளில்தான் தாண்டுகிறது. அப்போது விலை 278. அடியிலிருந்து 39 சதவிகிதம் ஏறி முடிந்த பிறகுதான் உங்கள் ஸ்க்ரீனர் மணி அடிக்கிறது.

ஆக, ஆழமாக விழுந்து வி வடிவில் எழும் பங்குக்கு இந்தக் கருவி தோதுப்படாது. நீண்ட நாள் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்து எழும் பங்குக்குப் பொருந்தும். ஆனால் படுத்துக் கிடக்கும் காலத்தில் இரண்டு சராசரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாதம் ஒரு முறை மேலும் கீழும் குறுக்கிடும். பொய் சிக்னல்கள் அங்கேதான் பிறக்கின்றன. அதற்கு ஒரு கூடுதல் நிபந்தனை: இன்றைய 200 நாள் சராசரி, 20 நாளைக்கு முந்தைய 200 நாள் சராசரியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கூடவே மேலே சொன்ன வால்யூம் நிபந்தனையையும் சேர்த்தால் பொய்கள் கணிசமாகக் குறையும். அற்றுப்போகாது.

ஸ்க்ரீனரில் கிராஸை எழுதும்போது இரண்டு வரி வேண்டும்: இன்று 50 நாள், 200 நாளைவிடக் கூடுதல், நேற்று 50 நாள், 200 நாளுக்குச் சமம் அல்லது குறைவு. இரண்டாவது வரியை விட்டுவிட்டு ‘கிராஸ் ஸ்கேன்’ என்று பெயர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி (திருச்சி): வால்யூம் 2.5 மடங்கு என்று ஃபில்டர் வைத்திருக்கிறேன். சார்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய வால்யூம் நாள்கள்கூட ஸ்கேனில் வருவதில்லை. ஸ்க்ரீனர் தப்பா, நான் தப்பா?

பதில்: கணக்குப் போட்ட விதம் தப்பு. இரண்டு இடங்களில் சறுக்கியிருக்கலாம்.

ஒன்று, இன்றைய வால்யூமை இன்றும் சேர்ந்த சராசரியோடு ஒப்பிடுவது. வழக்கமாக 2 லட்சம் பங்குகள் கைமாறும் பங்கில் இன்று 5 லட்சம் என்று வையுங்கள். நேற்றுவரையான 20 நாள் சராசரி 2 லட்சம், விகிதம் 2.5. இன்றையதையும் சேர்த்தால் 19 நாள் தலா 2 லட்சம், ஒரு நாள் 5 லட்சம், மொத்தம் 43 லட்சம், சராசரி 2.15 லட்சம். விகிதம் 2.33 ஆகிவிடும், உங்கள் 2.5 வடிகட்டியில் பங்கு வெளியே. தானே வளர்த்துவிட்ட சராசரியிடம் தானே தோற்றுப்போகிறது. ஸ்க்ரீனரில் சராசரியை ‘ஒரு நாள் முன்பு’ என்று தேர்ந்தெடுங்கள், இது சரியாகும்.

இரண்டாவது சறுக்கல் இதைவிடப் பெரியது, கண்ணிலும் படாது. அந்த 20 நாளில் ஒரு நாள் பெரிய முதலீட்டாளர் ஒருவர் வெளியேற, 50 லட்சம் பங்குகள் கைமாறியது என்று வையுங்கள். 20 நாள் சராசரி உடனே 4.4 லட்சம் ஆகிவிடும். இனி இரண்டு மடங்கு என்று கேட்டால்கூட 8.8 லட்சம் வேண்டும், வழக்கத்தைப்போல 4.4 மடங்கு. அந்த ஒரு நாள் கணக்கைவிட்டு வெளியேறும்வரை நல்ல சிக்னல் எதுவும் வராது. 21-ம் நாள் அது விலகியதும் சராசரி சட்டென்று 2 லட்சத்துக்கு இறங்கும். மார்க்கெட்டில் ஒன்றுமே நடந்திருக்காது, ஆனால் ஸ்கேன் மட்டும் உயிர் பெற்றுவிடும்.

எக்ஸெல் போன்ற ஷீட்டில் கணக்கிடுபவர்கள் சராசரிக்குப் பதில் மீடியன் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுங்கள். இந்த உதாரணத்தில் மீடியன் 2 லட்சத்திலேயே நிற்கும். மீடியன் வசதி இல்லாத ஸ்க்ரீனர் என்றால் 50 நாள் சராசரிக்கு மாறுங்கள். அதே 50 லட்சம் அங்கே சராசரியை 2.96 லட்சத்துக்குத்தான் தள்ளும். பாதிப்பு குறையும், அதோடு மேலும் 30 நாள் நீடிக்கவும் செய்யும்.

இப்படி வால்யூம் எகிறும் நாள்களுக்குக் காரணம் பெரும்பாலும் தேடினால் கிடைக்கும். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளர் கைமாற்றினால் அது பல்க் டீல் பட்டியலில் அன்று மாலையே பெயரோடு வரும். நிஃப்டி குறியீடுகளில் சேர்ப்பு, நீக்கம் மார்ச், செப்டம்பர் கடைசியில் அமலாகிறது, எம்.எஸ்.சி.ஐ. (உலக அளவிலான குறியீடுகளை வெளியிடும் நிறுவனம்) மாற்றங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பரில். அந்த நாள்களில் கடைசி அரை மணி நேரத்தில் வரும் வால்யூம், குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளின் கட்டாய வாங்கல் விற்றல். அதில் யாருடைய கருத்தும் இல்லை.

கேள்வி (சேலம்): காலை 11 மணிக்கே ஸ்கேன் ஓட்டினால் முந்திக்கொள்ளலாமே? அப்போதைய வால்யூமை நேரக் கணக்கில் பெருக்கிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. 9.15 முதல் 3.30 வரை 375 நிமிடங்கள். 11.15-க்கு 120 நிமிடங்கள், அதாவது 32 சதவிகித நேரம் முடிந்திருக்கிறது. ஆனால் வால்யூம் நேரத்துக்குச் சமமாகப் பரவுவதில்லை. காலையில் குவியும், மதியம் வற்றும், கடைசியில் மறுபடி குவியும். 11.15 வரையான வால்யூமை 0.32-ஆல் வகுத்து நாள் முழுமைக்கு நீட்டினால், சாதாரண நாளில்கூடப் பல பங்குகள் ‘வழக்கத்தைவிட அதிகம்’ என்றே தெரியும். நேற்றும் அதற்கு முன்பும் இதே 11.15 வரை எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் நியாயம். அதற்கு 15 நிமிட டேட்டா வேண்டும். அது இல்லாதவர்கள் மாலை 4 மணிக்கு மேல் ஓட்டுவதே மேல். 11 மணிக்கு 50 நாள் சராசரிக்கு மேலே இருந்த விலை 3.30-க்குக் கீழே போய்விடுவதும் அன்றாடம் நடப்பதுதான்.

கேள்வி (தூத்துக்குடி): ஒரே நிபந்தனையை இரண்டு ஸ்க்ரீனரில் போட்டால் இரண்டு விதமான பட்டியல் வருகிறது. எதை நம்புவது? சிம்பிள் ஆவரேஜா, எக்ஸ்பொனென்ஷியலா எது நல்லது?

பதில்: பட்டியல் மாறுவதற்கு ஆவரேஜ் வகையைவிட டேட்டாதான் காரணமாக இருக்கும். சோதிக்க வேண்டியவை இவை.

போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிசெய்யப்பட்டதா? ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28 அன்று 1:1 போனஸுக்கு எக்ஸ் ஆனது (அன்று முதல் வாங்குபவருக்கு அந்தப் போனஸ் கிடையாது). எச்.டி.எஃப்.சி. பேங்க் 2025 ஆகஸ்டு 26 அன்று அதேபோல். எக்ஸ்சேஞ்சின் தினசரி கோப்பான பவ்காப்பியை அப்படியே சேர்த்துவைத்திருந்தால், ஒரே இரவில் விலை பாதியானதுபோல் இருக்கும். விலை 200 நாள் சராசரிக்குக் கீழே போய், சில வாரங்களில் பொய்யான டெத் கிராஸ்கூட (50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்குக் கீழே போவது) வரும். பலர் மறப்பது வால்யூமை. பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானதால் வழக்கமான வியாபாரமே இரண்டு மடங்காகத் தெரியும். பழைய விலைகளை 2-ஆல் வகுத்தால், பழைய வால்யூமை 2-ஆல் பெருக்கவும் வேண்டும். டர்ன்ஓவரை ரூபாயில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

டீமெர்ஜர் (ஒரு நிறுவனம் பிரிந்து தனித்தனியாவது) இன்னும் சிக்கல். ஐ.டி.சி-யிலிருந்து ஹோட்டல் பிரிவு 2025 ஜனவரி 6-ல் பிரிந்தபோதும், டாடா மோட்டார்ஸ் 2025 அக்டோபர் 14-ல் இரண்டானபோதும் விலையைத் தனி ப்ரீ-ஓப்பன் செஷன் (வழக்கமான வர்த்தகத்துக்கு முந்தைய ஏலம்) நடத்தித்தான் கண்டுபிடித்தார்கள். பழைய விலைகளை அதற்கேற்ப ஒரு தளம் சரிசெய்யும், இன்னொன்று செய்யாது. சில தளங்கள் டிவிடெண்டையும் கழித்து விலையைச் சரிசெய்கின்றன. டிவிடெண்ட் அள்ளிக்கொடுக்கும் பங்குகளில் 200 நாள் சராசரி அதனாலேயே சில ரூபாய் வேறுபடும்.

புதிதாக லிஸ்ட் ஆன பங்குகள் வேறு. 200 நாள் சராசரிக்கு 200 வர்த்தக நாள்கள் வேண்டும், கிட்டத்தட்ட பத்து மாதம். ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபர் 22-ல் வந்தது; அதற்கு 2025 ஆகஸ்டு வாக்கில்தான் முறையான 200 நாள் சராசரி உருவானது. அதுவரை ஒரு ஸ்க்ரீனர் அதை விட்டுவிடும், இன்னொன்று இருக்கிற நாள்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும்.

இப்போது எக்ஸ்பொனென்ஷியல். சிம்பிளில் எல்லா நாளுக்கும் ஒரே எடை, இதில் அண்மை விலைகளுக்குக் கூடுதல் எடை. இதில் இன்றைய விலைக்கான எடை, 2-ஐ (நாள் + 1)-ஆல் வகுத்தால் வருவது. 20 நாளுக்கு 9.5 சதவிகிதம், 200 நாளுக்கு ஒரு சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. நேற்றைய சராசரியின் மேல் இன்றைய கணக்கு ஏறுவதால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பது நெடுநாள் ஒட்டிக்கொண்டு வரும். 200 நாள் எக்ஸ்பொனென்ஷியலை 200 நாளைக்கு முன்பிருந்து தொடங்கினால், தொடங்கிய எண்ணின் எடை இன்றும் 13.5 சதவிகிதம் இருக்கும். 600 நாளுக்கு முன்பிருந்து தொடங்கினால் 0.25 சதவிகிதமாகக் கரைந்துவிடும். ஆகவே 200 நாளுக்குச் சிம்பிள். 10, 20 போன்ற குறுகிய காலத்துக்கு எக்ஸ்பொனென்ஷியல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு தளங்களும் ஏறக்குறைய ஒத்துப்போகும். லாபத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசத்தைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): டெலிவரி (அன்றே விற்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பங்குகள்) 50 சதவிகிதத்துக்கு மேல் என்று சேர்த்தால் நல்ல பங்குகள் மட்டும் வருமாமே?

பதில்: சதவிகிதத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வழக்கமாக 4 லட்சம் பங்குகள் கைமாறி, பாதி, அதாவது 2 லட்சம் டெலிவரி ஆகும் பங்கு. ஒரு நாள் 20 லட்சம் கைமாறுகிறது. டெலிவரி 20 சதவிகிதம். உங்கள் ஃபில்டர் தூக்கி எறிந்துவிடும். ஆனால் டெலிவரி ஆனது 4 லட்சம் பங்குகள், வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு! மற்றொரு நாள் மொத்தமே 1.5 லட்சம்தான், டெலிவரி 75 சதவிகிதம். ஃபில்டர் கைதட்டி வரவேற்கும், உண்மையில் 1.12 லட்சம்தான், ஆள் நடமாட்டமே இல்லாத நாள். எனவே இன்றைய டெலிவரி எண்ணிக்கையை முந்தைய 20 நாள் டெலிவரி எண்ணிக்கையின் மீடியனோடு ஒப்பிடுங்கள். என்.எஸ்.இ-யின் முழு பவ்காப்பியில் டெலிவரி எண்ணிக்கை தனிப் பத்தியாகவே இருக்கிறது. ட்ரேட்-டு-ட்ரேட் பங்குகளில் எல்லாமே டெலிவரிதான் என்பதால் அங்கே இதற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று: டெலிவரி எடுத்தவர் ஒருவர் என்றால் கொடுத்தவரும் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி (கோவை): இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்து 2018 முதல் பேக்டெஸ்ட் (பழைய விலைகளை வைத்துச் சோதனை) செய்தேன். ரிசல்ட் பிரமாதமாக இருக்கிறது. நம்பலாமா?

பதில்: இன்றைய பட்டியல் என்பது பிழைத்தவர்களின் பட்டியல். 2018-ல் பெரிய பங்காக இருந்த டி.எச்.எஃப்.எல். அதில் இல்லை; 2021-ல் திவால் தீர்வுத் திட்டத்தில் அதன் பங்குகளின் மதிப்பு பூஜ்யமானது. அப்போது அது உங்கள் ஸ்கேனில் வந்திருக்குமா என்பதே இந்தச் சோதனைக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அன்றிருந்த பட்டியலைத் தேடி எடுத்துச் சோதியுங்கள்.

வாங்கும் விலையையும் பாருங்கள். குளோஸிங் தெரிந்த பிறகு வரும் சிக்னலுக்கு அதே குளோஸிங்கில் வாங்கியதாகப் போட்டிருந்தால், நடக்காத வியாபாரம் அது. மறுநாள் ஓப்பனிங் விலையைப் போடுங்கள். இரண்டு மடங்கு வால்யூமோடு முடிந்த பங்கு மறுநாள் பெரும்பாலும் கொஞ்சம் மேலேதான் திறக்கும். சோதனை லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பிறகு செலவு: எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவிகிதம், வாங்கும்போது முத்திரை வரி 0.015 சதவிகிதம், அதன்மேல் மற்றக் கட்டணங்கள். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 20 சதவிகிதம். இதையெல்லாம் கழித்த பிறகும் பிரமாதமாக இருந்தால், பணம் போடாமல் மூன்று மாதம் பேப்பரில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலை) போடும் ஒரு சின்னப் பங்கு என் மூவிங் ஆவரேஜ் ஃபில்டரில் வருகிறது, வால்யூம் ஃபில்டரில் மட்டும் தட்டிவிடப்படுகிறது. தளர்த்தலாமா?

பதில்: வேண்டாம். அப்பர் சர்க்யூட்டில் விற்க ஆளில்லாததால்தான் வால்யூம் இல்லை. லோயர் சர்க்யூட்டில் அதேபோல் வாங்க ஆளிருக்காது, அப்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள். உயர்ந்த விலையும் தாழ்ந்த விலையும் ஒன்றாக இருக்கும் நாள்களைக் கழித்துவிடுங்கள். விலை வரம்பு 5 சதவிகிதமோ அதற்குக் கீழோ உள்ள பங்குகளையும் சேர்த்து. முதல் பதிலில் சொன்ன 0.67 கணக்கிலும் இந்த நாள்களில் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும், ஷீட்டில் கவனியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தீபாவளி முடிந்து ஸ்கேன் ஓட்டினால் மார்க்கெட்டே ஃபில்டரில் வந்துவிட்டது. வால்யூம் நேற்றைவிட இரண்டு மடங்கு என்பதுதான் என் நிபந்தனை.

பதில்: முஹூரத் டிரேடிங் (தீபாவளியையொட்டி நடக்கும் சிறப்பு வர்த்தகம்) உங்கள் ‘நேற்று’ ஆகிவிட்டது. 2025-ல் அது அக்டோபர் 21 அன்று மதியம் 1.45 முதல் 2.45 வரை, ஒரே ஒரு மணி நேரம். மறுநாள் விடுமுறை. 23-ம் தேதியின் முழு நாள் வால்யூமை அந்த ஒரு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பங்குதான் இரண்டு மடங்கு ஆகாது? ஷீட்டில் வைத்திருப்பவர்கள் முஹூரத் நாளின் வால்யூமை மட்டும் வெற்றிடமாக்கிவிடுங்கள். விலை இருக்கட்டும், சராசரிக்கு அது தேவை. ஸ்க்ரீனரில் ஓட்டுபவர்கள் ‘நேற்று’ என்பதை 20 நாள் சராசரியாக மாற்றிவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் தொந்தரவு இருக்காது.